பிடிமண்ணும் பிரமாணப் பத்திரமும்: ஹைதராபாத் தெருக்களில் குடும்பம், வழிபாடு, ஊருரிமை

1. கேள்வி

எத்தனை ஆண்டுகள் வாழ்ந்தால் ஓர் ஊர் ஒருவருக்குச் சொந்த ஊராகும்? ஹைதராபாத் சமஸ்தானம் இந்தக் கேள்விக்கு எழுத்திலேயே விடை சொல்லியிருக்கிறது. 1919 இல் ஏழாம் நிஜாம் மீர் உஸ்மான் அலி கானின் ஆணைவழி நடைமுறைக்கு வந்த முல்கி விதிகள், அரசு வேலைக்கு உரிய மண்ணின் மக்கள் யார் என்று வரையறுத்தன. பிறப்பால் சமஸ்தானக் குடியாக இருப்பவர் முல்கி. வெளியிலிருந்து வந்தவராயின் குறைந்தது 15 ஆண்டுகள் நிலையாகக் குடியிருந்திருக்க வேண்டும். முன்பு வாழ்ந்த இடத்துக்குத் திரும்பும் எண்ணத்தைக் கைவிட்டுவிட்டதாகப் பிரமாணப் பத்திரமும் எழுதித் தர வேண்டும். முல்கி ஒருவரை மணந்த பெண்ணும் முல்கி.

இது வேலைவாய்ப்புக்கான விதி. முதலாம் சாலார் ஜங் 1853 முதல் 1883 வரை திவானாக இருந்த காலத்தில் நிர்வாகச் சீர்திருத்தத்துக்காக வட இந்தியாவிலிருந்து படித்தவர்களை அழைத்துவந்தார். உள்ளூர்க்காரர்களுக்கும் வந்தவர்களுக்கும் இடையில் அப்போது தொடங்கிய மனத்தாங்கலின் நீட்சியாகவே இந்த விதியைப் பார்க்க வேண்டும். ஆனாலும் அதற்குள் ஒரு மனித இலக்கணம் அடங்கியிருக்கிறது. ஒருவருக்கு ஒரே ஊர்தான் இருக்க முடியும். புதிய ஊர் வேண்டுமென்றால் பழையதை விட வேண்டும். பெண்ணுக்கு ஊர் என்பது கணவன்வழி வருவது. இந்த மூன்று எண்ணங்களும் நம் பொதுப்பேச்சில் இன்றும் உயிரோடிருப்பவைதாம்.

ஹைதராபாத்தின் தெருக்களில் குடும்பங்கள் உண்மையில் எப்படி வேர்விட்டன என்பதை இந்த இலக்கணத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம். என் வாதத்தை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். அந்நகரில் வேரூன்றிய பலர் பழைய ஊரைக் கைவிட்டதால் வேரூன்றவில்லை. பழைய ஊரின் ஒரு துணுக்கைக் கையோடு எடுத்துவந்து, தெருவின் நடுவில் வைத்து, அண்டை வீட்டாரும் கும்பிடும்படி செய்ததால் வேரூன்றினார்கள். தென்மாவட்டங்களில் குலதெய்வக் கோயிலின் பிடிமண்ணை எடுத்துப்போய்ப் புதிய ஊரில் கோயில் எழுப்பும் குடும்பங்களைத் தமிழர்கள் அறிவார்கள். பிடிமண் எடுத்தவர் தாய்க்கோயிலைத் துறந்தவர் ஆகமாட்டார். இந்தத் தருக்கமும் பிரமாணப் பத்திரத்தின் தருக்கமும் நேருக்கு நேர் மோதுபவை.

2. இதுவரை சொல்லப்பட்டவை

ஹைதராபாத்தைப் பற்றி இரண்டு கதைகள் புழக்கத்தில் இருக்கின்றன. முதலாவது, கங்கையும் யமுனையும் கலந்ததுபோல் இந்துவும் முஸ்லிமும் கலந்து வாழ்ந்த நகரம் என்ற கதை. உருது பேசிய காயஸ்தர் என்ற இந்துச் சாதியினர், நிஜாமின் பிரதமராக இருந்த மகாராஜா கிஷன் பிரசாத், தெலுங்கும் தக்கனி உருதுவும் பின்னிய சந்தைப்பேச்சு ஆகியவை இதற்குச் சான்றாகக் காட்டப்படும். இரண்டாவது, பிளவுபட்ட நகரத்தின் கதை. 1948 செப்டம்பரில் இந்திய ராணுவம் நுழைந்தபோது நிகழ்ந்தவை, 1980களின் தொடர் கலவரங்கள், ஊரடங்கு, 1990 டிசம்பரில் நூற்றுக்கணக்கானோர் உயிரிழந்தது ஆகியவை இதன் கண்ணிகள். சுதீர் கக்கர் 1990 கலவரத்தை முன்வைத்து எழுதி 1995 இல் வெளியிட்ட நூல் இவ்வகை ஆய்வுகளில் முக்கியமானது. வன்முறை மூளும்போது ஒருவருடைய பல அடையாளங்கள் சுருங்கி மத அடையாளம் ஒன்றே மிஞ்சுவதை அது உளவியல் நோக்கில் ஆராய்கிறது. பழைய நகரத்தின் தேய்வை ரத்னா நாயுடு 1990 இல் ஆய்ந்திருக்கிறார்.

இரண்டு கதைகளுக்கும் சான்றுகள் இருக்கின்றன. ஆனால் இரண்டுமே சமூகங்களைப் பற்றியவை. இந்துக்கள், முஸ்லிம்கள், முல்கிகள், அயலார் என்ற பெரிய தொகுதிகளே அவற்றின் பாத்திரங்கள். ஒரு பெண் தன் தெருவைத் தன்னுடையதாக உணர்வது இந்த அளவில் நடப்பதில்லை. யார் வீட்டுத் திண்ணையில் உட்காரலாம், காய்ச்சல் கண்ட குழந்தையைத் தூக்கிக்கொண்டு யாரிடம் ஓடலாம், திருவிழா நாளில் தன் வாசலில் நின்று ஊர்வலம் செல்லுமா என்பவற்றில்தான் அது தங்கியிருக்கிறது. காரன் லியோனார்டு 2007 இல் வெளியிட்ட ஆய்வு பாகிஸ்தான், பிரிட்டன், வளைகுடா நாடுகள், வட அமெரிக்கா, ஆஸ்திரேலியா எனச் சிதறிய ஹைதராபாத்தியர்கள் தங்கள் ஊரை எங்கே வைத்திருக்கிறார்கள் என்று கேட்டது. வெளியேறியவர்களிடம் அவர் கேட்டதை, உள்ளே வந்து தங்கியவர்களை நோக்கித் திருப்பினால் என்ன கிடைக்கும்?

3. லஷ்கரின் அம்மன்

1798 இல் இரண்டாம் நிஜாமும் கிழக்கிந்தியக் கம்பெனியும் செய்துகொண்ட ஒப்பந்தப்படி, ஹுசேன் சாகர் ஏரிக்கு வடக்கே கம்பெனியின் துணைப்படை முகாமிட்டது. மூன்றாம் நிஜாம் சிக்கந்தர் ஜாவின் பெயரால் அந்த இடம் 1806 இல் செகந்தராபாத் ஆயிற்று. உள்ளூர் மக்கள் இன்றும் அதை லஷ்கர், அதாவது படை, என்பார்கள். படை வந்ததால் பிறந்த ஊர் அது. சிப்பாய்கள், டோலி தூக்குவோர், தானியக் குத்தகையாளர், துபாஷிகள், சலவைத் தொழிலாளர் என அங்கே குடியேறிய எல்லாருமே வேறோர் ஊரிலிருந்து வந்தவர்கள்.

இந்த ஊரின் தாய்த்தெய்வம் உஜ்ஜயினி மகாகாளி. கோயில் மரபு சொல்லும் வரலாறு இது: 1813 இல் படையில் டோலி தூக்குபவராக இருந்த சுரிட்டி அப்பய்யா உஜ்ஜயினிக்கு மாற்றப்பட்டார். அந்த வேளையில் லஷ்கரில் காலரா பரவிப் பலரை வாரிக்கொண்டது. வீட்டையும் தெருவையும் விட்டுத் தொலைவில் இருந்தவர், அங்கிருந்த மகாகாளியிடம் நேர்ந்துகொண்டார். நோய் தணிந்தால் உன்னை எங்கள் ஊருக்குக் கொண்டுபோய் வைக்கிறேன் என்பது நேர்த்தி. 1815 இல் திரும்பிவந்து மரச்சிலை ஒன்றை நிறுவினார். 1864 இல் அதனிடத்தில் கற்சிலை வந்தது. கிணறு தோண்டியபோது மண்ணுக்குள் கிடைத்ததாகச் சொல்லப்படும் மாணிக்யாலம்மாவையும் மகாகாளியின் பக்கத்திலேயே வைத்தார்கள்.

இந்த மரபின் ஒவ்வொரு தேதியையும் ஆவணம் கொண்டு நிறுவ முடியுமா என்பது தனிக் கேள்வி. ஒரு சமூகம் தன் தொடக்கத்தை எப்படிச் சொல்லிக்கொள்கிறது என்பதும் ஆய்வுக்குரிய சான்றுதான். அப்படிப் பார்த்தால் மூன்று செய்திகள் தெரிகின்றன. கோயிலை நிறுவியவர் அரசரோ வணிகரோ அல்லர். பிறரைத் தோளில் சுமந்து கூலி பெற்ற ஓர் உழைப்பாளி. தெய்வம் மண்ணில் தோன்றியது அன்று, இடமாற்றத்தால் வந்தது. வந்த தெய்வம் மண்ணின் தெய்வத்தை விரட்டவில்லை. இருவரும் அருகருகே அமர்ந்திருக்கிறார்கள். முல்கி விதிகளுக்கு நூறாண்டுகளுக்கு முன்பே, ஊர்க்காரி, வந்தவள் என்ற சிக்கலுக்கு அந்தத் தெரு தன் வழியில் ஒரு தீர்வு கண்டிருக்கிறது. உஜ்ஜயினி என்ற ஊர்ப்பெயரை அம்மன் கைவிட வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. அந்தப் பெயரோடுதான் அவள் லஷ்கரின் அம்மன்.

ஆஷாட மாதத்தில் அம்மனுக்குப் போனாலு விழா. முதலில் கோல்கொண்டா கோட்டை, பின்னர் லஷ்கர், அடுத்துப் பழைய நகரத்தின் லால் தர்வாஜா என ஞாயிறுதோறும் விழா இடம் மாறிச் செல்லும். பெண்கள் புதுப்பானையில் பாலும் வெல்லமும் சேர்த்துச் சோறு பொங்கி, பானைக்கு மஞ்சள் குங்குமம் இட்டு, வேப்பிலை கட்டி, மேலே விளக்கேற்றித் தலையில் சுமந்து கோயிலுக்கு நடப்பார்கள். உடம்பெங்கும் மஞ்சள் பூசிய போத்தராஜு சாட்டை சுழற்றி முன்னே ஆடிச்செல்வார். அவர் அம்மனின் உடன்பிறந்தவர். பானை சுமப்பவளின் காலில் வழியெங்கும் வீட்டுக்காரர்கள் தண்ணீர் ஊற்றுவார்கள். மறுநாள் ரங்கம். ஈரப்பானைமீது நின்று ஒரு பெண் வரப்போகும் ஆண்டுக்குக் குறி சொல்வாள்.

இந்த விழாவைக் கொள்ளைநோய் நினைவாக விளக்குவோர் உண்டு. மழைக்கால வேளாண் சடங்காகப் பார்ப்போர் உண்டு. 2014 இல் தெலங்கானா அமைந்ததும் இது மாநில விழா ஆனதால், மாநில அடையாள அரசியலாகப் படிப்பதும் இப்போது வழக்கமாகியிருக்கிறது. இம்மூன்று விளக்கங்களும் வீட்டைத் தாண்டிப் போய்விடுகின்றன என்பது என் குறை. போனம் என்னும் அந்தப் படையல் பொங்கப்படுவது வீட்டு அடுப்பில். அதைச் சுமப்பவள் வீட்டுப் பெண். ஆண்டு முழுவதும் சமையலறையில் யார் கண்ணிலும் படாமல் நடக்கும் வேலை, அந்த ஒரு நாள் நடுத்தெருவில் தலைமேல் விளக்கோடு செல்கிறது. நேற்றுவரை காய்கறிக்காரரிடம் பேரம் பேசி நின்றவளின் காலுக்கு எதிர்வீட்டார் தண்ணீர் ஊற்றுகிறார்கள். தெரு அவளை அறிந்துகொள்ளும் வழி இது. வாடகைச் சீட்டோ குடும்ப அட்டையோ இதைச் செய்துவிடாது.

இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. ஆஷாடத்தில் புதுமணப்பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்துவருவது தெலுங்குக் குடும்ப வழக்கம். நம் ஆடியழைப்பும் ஆடிச்சீரும் இதன் உறவுகளே. அம்மனும் இம்மாதத்தில் தாய்வீடு வந்திருக்கிறாள் என்பது போனாலுவின் அடிப்படை நம்பிக்கை. வீட்டுக்கு வந்த மகளுக்கு மடிநிறைய அரிசியிட்டு அனுப்புவதுபோல் அம்மனுக்கும் ஒடி பிய்யம் இடுகிறார்கள். உடன்பிறந்தான் துணைக்கு வருவதும் இதனால்தான். 1919 இன் விதி வந்தேறியிடம் கேட்ட உறுதிமொழியைக் குடும்பம் காலங்காலமாக மணப்பெண்ணிடம் கேட்டுவந்திருக்கிறது: பிறந்த இடத்துக்குத் திரும்பும் எண்ணத்தை விட்டுவிடு. ஆஷாடம் அந்த உறுதிமொழியை ஆண்டுக்கு ஒருமுறை தளர்த்துகிறது. திரும்பி வருவதற்கு உரிமை உண்டு என்று தெய்வத்தின் பெயரால் சொல்கிறது. இரண்டு வீடுகளோடு வாழும் கலையை இந்நகரத்துக்குக் கற்பித்தவர்கள் பெண்களே என்று கொள்ள இடமிருக்கிறது.

4. அலமும் வைத்திய அறையும்

மூசி ஆற்றின் தென்கரையிலும் இதே அமைப்பைக் காண்கிறோம். தபீர்புராவில் உள்ள பீபி கா அலாவாவில் வைக்கப்பட்டிருக்கும் அலம், அதாவது கொடிச்சின்னம், நபிகளின் மகள் பாத்திமாவின் இறுதி நீராட்டுக்குப் பயன்பட்ட பலகையின் துண்டைக் கொண்டது என்பது ஷியா மரபு. அது கர்பலாவிலிருந்து குதுப் ஷாஹிகளின் காலத்தில் தக்காணம் வந்தது என்கிறார்கள். முஹர்ரம் பத்தாம் நாள் யானைமேல் ஏறி, சார்மினார் வழியாகச் சாதர்காட்வரை செல்கிறது. வழிநெடுக அதற்குத் துணி சாத்துகிறார்கள். இங்கும் தொலைவூரின் ஒரு துண்டுதான் தெருவின் நடுவே வந்து நிற்கிறது. அதைச் சுமந்துவந்த மரபினர் கர்பலாவை மறக்கவேயில்லை. அவர்களுடைய பக்தி முழுவதும் அந்த நினைவால் ஆனது. அவர்களை ஹைதராபாத்தியர் அல்லர் என்று சொல்லத் துணிபவர் யார்?

அலத்துக்கு நேர்ந்துகொள்ளும் இந்துக் குடும்பங்கள் இந்நகரில் உண்டு. தெலங்கானா கிராமங்களில் பீர்ல பண்டுக என்ற பெயரில் முஹர்ரத்தைக் கொண்டாடுவோரில் பெரும்பகுதியினர் முஸ்லிம் அல்லாதவர்கள். ரஜினி என்ற யானை பீபி கா அலமையும் சுமந்திருக்கிறது, பழைய நகரத்துப் போனாலு ஊர்வலத்திலும் சென்றிருக்கிறது. 2025 இல் ஆஷாடமும் முஹர்ரமும் ஜூன் இறுதியில் ஒரே அமாவாசையை அடுத்துத் தொடங்கின. இரண்டு ஊர்வலங்களுக்கும் அடுத்தடுத்த வாரங்களில் தெருக்கள் வழிவிட்டன. இதை நல்லிணக்கக் கதையாக மட்டும் படிக்க நான் விரும்பவில்லை. ஊர்வலம் என்பது தெரு எங்களுடையது என்ற அறிவிப்பும்கூட. இரண்டு அறிவிப்புகள் ஒரே சாலையில் மோதாமல் செல்வதற்கு நேரம் குறித்து, வழி வகுத்து, பெரியவர்கள் பேசித் தீர்க்கும் உழைப்பு தேவைப்படுகிறது. அந்த உழைப்பு நின்றுபோன ஆண்டுகளில் ரத்தம் சிந்தியிருக்கிறது.

தெருவைவிடச் சிறிய வெளி ஒன்றையும் பார்க்க வேண்டும். ஜாய்ஸ் புளூக்கிகர் 2006 இல் வெளியிட்ட ஆய்வு, ஹைதராபாத்தில் தன் வீட்டிலேயே நோய் தீர்த்துவந்த ஒரு முஸ்லிம் பெண்மணியைப் பற்றியது. நூலில் அவர் அம்மா என்றே அழைக்கப்படுகிறார். குழந்தை தங்காதவர்கள், இரவெல்லாம் அழும் பிள்ளையோடு வருபவர்கள், கணவன் வீட்டில் நிம்மதி இழந்தவர்கள், கடையில் வியாபாரம் படுத்தவர்கள் என்று இந்து, முஸ்லிம், கிறிஸ்தவர் அனைவரும் அவரிடம் வந்தார்கள். இறைப்பெயர்களும் எண்களும் எழுதிய காகிதங்களைத் தாயத்தாகக் கட்டவும், நீரில் கரைத்துக் குடிக்கவும் கொடுத்தார். தம் அறையை நாற்சந்தியாகவே அவர் கருதினார் என்கிறது ஆய்வு. வந்தவர்கள் யாரும் மதம் மாறவில்லை. மாறும்படி கேட்கப்படவும் இல்லை. இந்த ஆய்வின் பெரும்பேறு, பகிர்ந்த நம்பிக்கையின் அடியில் குடும்பத் துயரம் இருப்பதைக் காட்டியதுதான். பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் யாருடைய தெய்வம் என்று எந்தத் தாயும் பார்ப்பதில்லை. அதே ஆய்வு எல்லையையும் காட்டுகிறது. பெண் என்பதால் அம்மாவால் சீடர்களை ஏற்கும் குருவாக முடியவில்லை. அந்தத் தகுதி அவருடைய கணவருக்கே இருந்தது.

5. தமிழர் எந்தப் பக்கம்?

செகந்தராபாத் தமிழரின் வரலாறு சென்னைப் படையோடு தொடங்குகிறது. படைக்குத் தேவையானவற்றை வழங்கிய முதலியார் குடும்பங்கள், எழுத்தர்கள், ஆசிரியர்கள், பின்னர் ரயில்வேத் தொழிலாளர் என அலை அலையாக வந்தார்கள். 1874 இல் வாடியிலிருந்து ரயில் பாதை வந்தது. லாலாகுடா பணிமனை அந்த நூற்றாண்டின் இறுதிக்குள் இயங்கத் தொடங்கியது. சோமசுந்தரம் முதலியார் 1862 இல் தொடங்கிய பள்ளி பின்னர் ஆறாம் நிஜாமின் பெயரால் மஹபூப் கல்லூரி ஆனது. சிகாகோ புறப்படுமுன் விவேகானந்தர் 1893 பிப்ரவரி 13 அன்று, மேற்கு நாடு செல்லும் தம் நோக்கம் பற்றி அங்கேதான் உரையாற்றினார். பத்மராவ் முதலியாரின் பெயரால் அமைந்த பத்மராவ் நகரில் ஸ்கந்தகிரி முருகன் கோயில் நிற்கிறது.

தமிழர் தொடங்கிய பள்ளிக்கு நிஜாமின் பெயர். தெலுங்கு மண்ணில் முருகனுக்கு ஒரு கிரி. கொடுத்தும் கொண்டும் ஊரோடு சேர்ந்த விதம் இது. முருகன் கோயிலுக்குக் காவடி எடுத்த குடும்பம் ஆஷாடத்தில் மகாகாளிக்கும் பொங்கல் வைத்தது. மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றிப் பழகியவர்களுக்கு முத்யாலம்மாவும் எல்லம்மாவும் அந்நியர் ஆகவில்லை. பிள்ளைக்கு முடி இறக்கவும் காது குத்தவும் சொந்த ஊர்க் குலதெய்வத்திடம் போவது தொடர்ந்தது. நினைவுக்கு ஓர் ஊர், அன்றாடத்துக்கு ஓர் ஊர் என்று இதைப் பிரிப்பது தவறு. இரண்டு தெய்வங்களுமே அந்த வீட்டின் அன்றாடத்தில் இருந்தன. உண்டியலில் போட்டுவைத்த காசு ஓர் ஊருக்கு, தலையில் ஏற்றிய பானை இன்னோர் ஊருக்கு.

இந்த இரட்டை வாழ்வு எப்போதும் ஏற்கப்பட்டது என்று எழுதினால் அது பொய். 1948 க்குப் பின் சென்னை மாகாணத்திலிருந்தும் பிற பகுதிகளிலிருந்தும் அதிகாரிகளும் ஆசிரியர்களும் ஊழியர்களும் ஹைதராபாத்துக்கு அனுப்பப்பட்டார்கள். போலி முல்கிச் சான்றிதழ்கள் புழங்குவதாகப் புகார் எழுந்தது. 1952 இல் வாரங்கலில் தொடங்கிய மாணவர் கிளர்ச்சி தலைநகருக்குப் பரவியபோது, அயலாரே வெளியேறுக என்பதோடு, இட்லி சாம்பாரே திரும்பிப் போ என்றும் முழக்கம் எழுந்தது. செப்டம்பர் தொடக்கத்தில் சிட்டி கல்லூரி அருகே போலீஸ் சுட்டதில் உயிர்கள் பலியாயின. துப்பாக்கிச் சூட்டை விசாரித்தவர் நீதிபதி பிங்களி ஜகன்மோகன் ரெட்டி.

அந்த மாணவர்களின் கோபத்தைத் தமிழ் வாசகர்கள் மொழிவெறி என்று ஒதுக்கிவிடக் கூடாது. தங்கள் பள்ளிகளில் தங்களுக்கு ஆசிரியர் வேலை கிடைக்காதபோது அவர்கள் கேட்டது நியாயமான கேள்வி. விதி இருந்தும் அது ஏய்க்கப்பட்டது என்பதே அவர்களின் முறையீடு. ஆயினும் முழக்கம் அடுக்களையைத் தாக்கியதை நாம் கவனிக்க வேண்டும். அதிகாரியின் நாற்காலிமீது எழுந்த பகை, ஒரு குடும்பத்தின் காலையுணவின்மேல் வந்து விழுந்தது. மூன்று தலைமுறையாகச் செகந்தராபாத்தில் பிறந்து வளர்ந்தவரும் முந்தைய ஆண்டு மாற்றலாகி வந்தவரும் அந்தத் தட்டின்முன் ஒன்றாகிப்போனார்கள். தெரு அறிந்திருந்த வேறுபாட்டை ஊர்வலம் அறியவில்லை. உச்ச நீதிமன்றம் 1972 அக்டோபரில் முல்கி விதிகள் செல்லும் என்று தீர்ப்பளித்தது. மறுஆண்டு அரசியல் சட்டத்திருத்தம் வந்து, 1975 இல் குடியரசுத் தலைவர் ஆணையின்வழி உள்ளூர்த் தகுதிக்குப் படிப்பும் வசிப்பும் சார்ந்த புதிய அளவுகோல்கள் அமைந்தன. திரும்பும் எண்ணத்தை விட்டுவிட்டதாக எழுதித்தரும் கட்டாயம் சட்டத்திலிருந்து போயிற்று.

பர்காஸ் பகுதியை ஓர் ஒப்பீடாகச் சேர்க்கலாம். நிஜாமின் படையில் பணியாற்ற ஏமனின் ஹத்ரமௌத் பகுதியிலிருந்து வந்த அரபுக் குடும்பங்களின் வழித்தோன்றல்கள் சந்திராயன்குட்டாவுக்கு அருகே வாழும் குடியிருப்பு அது. 1948 க்குப் பின் அரபு வீரர்கள் பலர் காவலில் வைக்கப்பட்டார்கள், நாடு கடத்தப்பட்டார்கள். எஞ்சியவர்கள் தக்கனி பேசினார்கள், கொய்யாத் தோட்டம் போட்டார்கள், லுங்கி உடுத்தினார்கள், ஹரீஸ் சமைத்தார்கள். அவர்களுக்கு விரோதமாக எழுந்த அரசியல் சந்தேகம், திரும்பும் எண்ணத்தை விடாதவர்கள் என்பதே. 1970களில் வளைகுடா வேலைகள் திறந்தபோது, விடாமல் வைத்திருந்த அந்த உறவுதான் பலருக்குக் கைகொடுத்தது. அங்கே ஈட்டிய பணம் பர்காஸிலேயே வீடாக எழுந்தது.

6. எதிர்ச் சான்றுகள்

இதுவரை சொன்னவற்றுக்கு மூன்று வலுவான மறுப்புகள் இருக்கின்றன.

முதல் மறுப்பு வன்முறை. போனத்துக்குத் தண்ணீர் ஊற்றிய தெருக்களும் அலத்துக்குத் துணி சாத்திய தெருக்களும் 1990 டிசம்பரைத் தடுக்கவில்லை. பல ஆண்டுகள் பக்கத்தில் வாழ்ந்தவர்கள் வீட்டை விற்றுத் தம் மதத்தவர் கூடுதலாக உள்ள பகுதிக்குப் போனார்கள். 2011 கணக்கெடுப்பில் ஹைதராபாத் மாவட்ட மக்களில் ஏறக்குறைய 52 விழுக்காட்டினர் இந்துக்கள், 43 விழுக்காட்டினர் முஸ்லிம்கள். இந்த விகிதம் நகரத்துக்குத்தான். தெருக்கள் ஒவ்வொன்றும் இப்படிக் கலந்திருக்கவில்லை. பகிர்ந்த வழிபாடு வன்முறையைத் தடுக்கும் அரண் என்று நான் வாதிடவில்லை. கலவரத்துக்குப் பின்னும் பழைய தெருவின் கோயிலுக்கும் தர்காவுக்கும் ஆண்டுதோறும் திரும்பி வருபவர்கள் இருக்கிறார்கள் என்பதே நான் சொல்லக்கூடியது. வீட்டை விற்றவர்கள் நேர்த்திக்கடனை விற்கவில்லை. அது ஆறுதலா இழப்பா என்று வெளியிலிருந்து தீர்ப்புச் சொல்ல எனக்குத் தயக்கமாக இருக்கிறது.

இரண்டாம் மறுப்பு சாதி. அம்மனின் விழாவில் எல்லாருக்கும் இடமுண்டு, ஆனால் ஒரே இடம் இல்லை. ஈரப்பானைமேல் நின்று குறி சொல்லும் வேலையும், பலியோடு தொடர்புடைய வேலைகளும் ஒடுக்கப்பட்ட சாதியாருக்கு வழிவழியாக ஒதுக்கப்பட்டவை. தெலங்கானாவின் ஜோகினி முறை தலித் சிறுமிகளைத் தெய்வத்துக்கு மணம் செய்வித்து அவர்களுடைய குடும்ப வாழ்வையே பறித்தது. 1988 இல் ஆந்திரப் பிரதேசம் அதைத் தடைசெய்து சட்டம் இயற்ற வேண்டியிருந்தது. ஒரு வீட்டுப் பெண்ணைத் தெருவுக்குத் தெய்வமாக்கும் அதே நம்பிக்கை, இன்னொரு வீட்டுப் பெண்ணுக்குத் தனக்கென்று ஒரு வீடே இல்லாமல் செய்திருக்கிறது. முன் பகுதியில் பெண்களைப் பற்றி நான் எழுதியதை இந்த வரலாற்றோடு சேர்த்தே படிக்க வேண்டும். ஜோகினிப் பெண்ணுக்குத் தாய்வீடு, புகுந்த வீடு என்ற இரண்டுமே மறுக்கப்பட்டன. ஆஷாடம் அவளை எங்கும் அழைத்துச் செல்லவில்லை.

மூன்றாவது மறுப்பு காலம் பற்றியது. மூன்றிலும் எனக்குக் கடினமாகத் தோன்றுவது இதுவே. மேலே சொன்ன எல்லா எடுத்துக்காட்டுகளும் தலைமுறைகள் ஓரிடத்தில் தங்கிய நகரத்துக்கு உரியவை. 2007 இல் 12 நகராட்சிகளையும் 8 ஊராட்சிகளையும் இணைத்து ஹைதராபாத் பெருநகர மாநகராட்சி உருவானது. வயல்களும் ஏரிக்கரைகளும் அடுக்குமாடிகள் ஆயின. அங்கே பழைய கிராமத்துப் போச்சம்மாவும் ஏரிக்கரை காத்த கட்ட மைசம்மாவும் வேப்பமரத்தடியில் அப்படியே இருக்கிறார்கள். அவர்களுக்குப் பொங்கல் வைத்த குடும்பங்கள் நிலம் விற்றுச் சிதறிவிட்டன, அல்லது அதே மாடிகளில் வீட்டுவேலைக்குப் போகின்றன. மாடிகளில் இருப்பவர்களில் சென்னையிலிருந்தும் கோவையிலிருந்தும் வந்த தமிழ்ப் பிள்ளைகளும் அடக்கம்.

7. பதினொரு மாத ஒப்பந்தம்

1919 இன் விதி 15 ஆண்டுகள் கேட்டது. இன்றைய வாடகை ஒப்பந்தம் பெரும்பாலும் 11 மாதங்களுக்கு எழுதப்படுகிறது. ஓராண்டுக்குக் குறைந்தால் பதிவு கட்டாயமில்லை என்பதே காரணம். திரும்பிப் போகும் எண்ணத்தை விடும்படி வாடகைக்காரரை யாரும் கேட்பதில்லை; போகவேண்டியவர் என்ற கணக்கில்தான் சாவியே தரப்படுகிறது. அந்தச் சாவியும் எல்லாருக்கும் கிடைப்பதில்லை. பெயரைக் கேட்டதும் முஸ்லிம் குடும்பத்துக்கு வீடு இல்லை என்பதும், அடுக்களையில் என்ன வேகும் என்று தலித் குடும்பத்தைத் துருவுவதும் இந்திய நகரங்கள் பலவற்றில் நடப்பவை, ஹைதராபாத் விலக்கல்ல. 1952 இன் முழக்கம் சாலையிலிருந்து வீட்டுத்தரகரின் வாய்க்கு இடம் மாறியிருக்கிறது, குறிவைக்கப்படுபவர்கள்தாம் வேறு.

எனவே ஆய்வு இனிமேல் வாடகை வீட்டிலிருந்து தொடங்க வேண்டும் என்று கருதுகிறேன். கோயில் அறங்காவலர்களிடமும் விழாக்குழுத் தலைவர்களிடமும் நேர்காணல் செய்து எழுதப்படும் போனாலு வரலாறுகள் ஊன்றி நின்றவர்களின் வரலாறுகளாகவே அமைகின்றன. மியாப்பூரிலோ கொண்டாபூரிலோ இரண்டாம் ஆண்டு வாடகையில் இருக்கும் ஒரு பெண், தன் அடுப்பில் முதல் போனத்தைப் பொங்க எப்போது முடிவெடுக்கிறாள்? யார் அவளை அழைக்கிறார்கள்: வீட்டு உரிமையாளரா, எதிர்வீட்டாரா, பாத்திரம் துலக்க வரும் அந்தப் பழைய கிராமத்துப் பெண்ணா? அழைப்பவர் மூன்றாமவராக இருக்கும் இடங்களில், ஊரை இழந்தவரே ஊருக்கு வந்தவரை ஊர்த்தெய்வத்திடம் கூட்டிச்செல்கிறார். அந்த அழைப்பில் யாருக்கு எது கிடைக்கிறது, யார் எதை விட்டுக்கொடுக்கிறார் என்பதைப் பக்கத்தில் இருந்து பார்த்து எழுத வேண்டியிருக்கிறது.